பளிங்குப் பெண்ணின் நெற்றி

மெல்பேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணியின் வீட்டுப் பின்பகுதியில். இடுப்பு ஆபரேஷனுக்குப் போகும்போது அவர் வீட்டுத் திறப்புக் கொத்தை என்னிடம் தந்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

அவருடைய முன்னறையில் தலையும் தோளும் மட்டுமாக ஒரு பளிங்குச் சிலை இருந்தது. விக்டோரியா ராணி காலத்தில், இளவயதில் இறந்துபோன அவர்கள் குடும்பத்துப் பெண்ணைக் கிரேக்கப் புராணத்துப் பெர்செபோன் தேவியாகச் செதுக்கியிருந்தார்கள். கூந்தலில் கோதுமைக் கதிர். பாதாளத்துக்குப் போய் ஆண்டுதோறும் திரும்பி வருபவள் என்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்குக் கதை சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பார்க்கிறேன், தேவியின் நெற்றியில் குழைத்த குங்குமம். ஓடிப்போய் ஈரத்துணி எடுத்து வந்தேன். துடைக்கத் துடைக்க இளஞ்சிவப்பாகப் படர்ந்தது. இந்த ஊரில் இன்னொரு வாடகை வீடு தேடுவது நாய் படாத பாடு. எழும்பிப் போகச் சொல்லிவிடுவாரோ என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் முகத்தைப் பார்த்த அம்மா, நான் இல்லாத நேரம், குத்துவிளக்கு மினுக்குவதுபோலத் புளிச்சாறு சொட்டும் தேசிக்காய்ப் பாதியால் அந்த நெற்றியைத் தேய்த்துவிட்டார். குங்குமம் போனது. பளிங்கின் மினுக்கமும் சேர்ந்து போனது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, தொட்டால் சொரசொரத்தது. யார் தொடப்போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வீட்டுக்காரப் பெண்மணி கைத்தடியோடு நேரே சிலையிடம் போய் நெற்றியைத் தடவினார். கை அங்கேயே நின்றது. தூசி துடைத்தேன், ஈரத்துணி என்று ஏதோ உளறினேன். நான் முழிப்பதைப் பார்த்து அம்மா என் கையைப் பிடித்தார்.

"பொய் சொல்லாதை பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போன மனுசி சுகமாத் திரும்பி வரவேணுமெண்டு நான்தான் பொட்டு வைச்சுக் கும்பிட்டனான். தேய்ச்சதும் நான்தான் எண்டு சொல்லு."

சொன்னேன். அவருக்குக் கோபம், மறைக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேல் பாதுகாத்ததைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று காத்து நின்றேன்.

"மற்றப் பக்க இடுப்பிலும் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்," என்றார். "இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காகக் கும்பிடும்படி உன் அம்மாவைக் கேட்பாயா?"