சிவப்பு நட்டுகள்

ஏறக்குறைய ஒரு வருடமாகக் குணாளன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியே ஓர் இரவுகூடத் தங்கவில்லை. சித்தியவானில் அக்கா மகள் கல்யாணம், போகவில்லை. தைப்பூசத்துக்கு லயத்துச் சனமே பஸ் பிடித்து ஈப்போவுக்குக் கிளம்பியது, அவன் மட்டும் பட்டறையில் உட்கார்ந்திருந்தான். மருந்து வாங்கத் தானா ராத்தா டவுனுக்குப் போனாலும், சக்கரம் கழற்றும் பெரிய ஸ்பேனரைப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவான். மெக்கானிக்குக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு சாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறவனுக்குக் கனக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் சோல்ஜரால் வந்தது. சோல்ஜர் என்பது ஆளில்லை, லோரி. ராணுவம் வேண்டாமென்று கழித்துப்போட்டதைத் தோட்டம் ஏலத்தில் எடுத்து வந்தது. ஆறு சக்கரம், பச்சை உடம்பு, இடுப்புயரத்துக்கு டயர். மழைக்காலத்தில் கீழ்ப்பிரிவுச் சரிவில் வேறு வண்டி இறங்காது, இறங்கினால் ஏறாது. சோல்ஜர் படுத்துவிட்டால் பறித்த கொழுந்து அங்கேயே கிடந்து கறுத்துப்போகும். அதனால் அந்தக் கிழட்டு வண்டியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதே குணாளனின் பிழைப்பாக இருந்தது. அதற்குச் சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்? பாதி, கியா பார்ம் பக்கம் காய்கறி ஏற்றி ஓய்ந்துபோன லோரிகளிலிருந்து பிடுங்கியது. மீதி அவனே கடைந்து எடுத்தது. பிரேக் பிடித்தால் கிளட்ச் வழுக்கும், கிளட்சைச் சரிசெய்தால் ரேடியேட்டர் ஒழுகும். வைதுகொண்டே பார்ப்பான், ஆனால் பார்ப்பான்.

சோல்ஜரின் சக்கரம் மற்ற லோரிச் சக்கரம் போன்றதல்ல. ரிம் இரண்டு பாதியாக இருக்கும். அந்தப் பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பது வெளிவட்டத்து நட்டுகள். சக்கரத்தை வண்டியோடு பிடிப்பது உள்வட்டத்து நட்டுகள். பஞ்சர் என்றால் உள்வட்டத்தைத்தான் கழற்ற வேண்டும். டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் கை வைத்தால், ரிம் பிளந்துகொண்டு எதிரில் நிற்பவன் மேல் பாயும். ராணுவத்துக்காரன் விவரம் தெரிந்தவன், வெளிவட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடித்து வைத்திருந்தான்.

டிரைவர் சுப்பன், குணாளனின் மனைவி குமுதாவுக்குத் தம்பி. அவனிடம் குணாளன் சொன்னது ஒன்றே ஒன்று, சிவப்பைத் தொடாதே. சரி மாமா என்றான். நல்ல பையன், சொன்னதை மறக்கவுமில்லை. நிறத்தைப் பிடித்துக்கொண்டான், எந்த வட்டம் என்பதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஆயுத பூசைக்கு வண்டியைச் சோடிப்பது டிரைவர் பெண்சாதியின் பாத்தியதை. வேறு யாரும் தொட்டால் மனத்தாங்கல் வந்துவிடும். போன வருடம் சுப்பனின் பெண்சாதி அன்பரசி பிரிஞ்சாங் கடையிலிருந்து வெள்ளிப் பெயிண்ட் வாங்கி வந்து, ஆறு சக்கரத்தையும் நட்டு விடாமல் பளபளவென்று அடித்துவிட்டாள். குணாளன் வந்து பார்த்தபோது பெயிண்ட் காய்ந்திருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எப்படியிருக்கு என்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டான். பூசை முடியட்டும், திங்கட்கிழமை நாமே சிவப்பு அடித்துவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அந்தத் திங்கட்கிழமை கியர்பாக்ஸ் மக்கர் செய்தது. அதற்கப்புறம் மழை.

பிரேக் ரப்பர் தேடி அவன் தானா ராத்தா போயிருந்த பகலில், கீழ்ப்பிரிவு வளைவில் சோல்ஜரின் முன்டயர் காற்று இறங்கியது. முழுசாக இறங்கியிருந்தால் சுப்பன் இன்றைக்கு இருந்திருப்பான். பாதிக் காற்று நின்றது. மழை கொட்டுகிறது, மேலே மண் நனைந்து சரியப் பார்க்கிறது, வண்டி நிறையக் கொழுந்து. மாமா வரும்வரை எதற்குக் காத்திருக்க என்று அவனே ஸ்பேனரை எடுத்தான். சக்கரத்தில் சிவப்பு எதுவும் இல்லை. கைக்கு எட்டிய வட்டத்தில் ஆரம்பித்தான். பாதி ரிம்மைத் தேயிலைச் செடிக்குள்ளிருந்து எடுத்தார்கள். சுப்பனை அவ்வளவு தூரம் போய் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வந்தவருக்கு அந்த நட்டுகள் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. அன்பரசிக்குத் தெரியும், ஆனால் சிவப்புக்கு அர்த்தம் தெரியாது. குணாளன் அவள் கிடந்த கிடையைப் பார்த்தான். புருசன் போனது போதாதா, தன் கையால்தான் போனான் என்பதும் அவள் காதில் விழ வேண்டுமா? எந்த நட்டைக் கழற்ற வேண்டுமென்று சுப்பனுக்கு நான்தான் சொல்லித் தரவில்லை, மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

குமுதா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "எந்தம்பிக்கு ஒரு வார்த்த சொல்ல ஒங்க வாயி வலிச்சுச்சா?"

அதோடு பேச்சு நின்றது. சோறு வைப்பாள், போய்விடுவாள்.

அதன்பிறகு சிவப்பு அடிக்க அவனுக்குக் கை வரவில்லை. அதே லோரியில் ஏறித்தான் அன்பரசி தினமும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். சிவப்பென்ன, மஞ்சள் அடித்தாலும் அவள் கண் அங்கே போகும், கேட்பாள், யோசிப்பாள். ஆகவே ஸ்பேனருக்குப் பூட்டு. பஞ்சர் என்றால் நடுமலையானாலும் அவனே போய்க் கழற்றினான், வேறு யாரையும் கிட்ட விடவில்லை. அப்படித் தனியாளாய்ச் சக்கரம் தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. ஈப்போவுக்குப் போய் ஆபரேசன் பண்ணியாக வேண்டும், இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாவியைப் புது டிரைவர் கோகிலனிடம் கொடுத்தாக வேண்டும். வாயால் சொன்னால் போதாதா என்றால், சுப்பனுக்கும் வாயால் சொல்லித்தான் இருந்தது. ஆளில்லாத மத்தியானம் ஒன்றில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளிவட்டம் முழுக்கச் சிவப்பு அடித்தான். காய்ந்ததும் மேலே சேற்றை அள்ளி அப்பினான். கழற்றும்போது சேற்றைத் துடைத்துப் பார் என்று கோகிலனிடம் சொல்லிக்கொள்ளலாம். பூசைக்கு வண்டியைக் கழுவுவார்கள், கழுவட்டும். அன்பரசிக்கு வருடத் திவசம் முடியவில்லை, பூசைக்கு வரமாட்டாள். அதற்கப்புறம் திரும்பச் சேறு பூசிக்கொள்ளும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டான் பாவி.

பூசைக்கு முதல் நாள் காலை, பட்டறை வாசலில் அன்பரசி ரப்பர் குழாயோடு நின்றாள்.

"நீ எதுக்கும்மா?" என்றான்.

"பூசைக்குத்தான் நான் வரக்கூடாது. கழுவுறதுக்கு என்னண்ணே? இது அவரு ஓட்டுன வண்டிலா."

கோகிலனைக் கழுவச் சொல்கிறேன், நீ போ என்றான். அவள் கேட்கவில்லை. குழாயைப் பிடுங்கலாமென்று குனிந்தான். வயிறு சுருக்கென்று பிடித்துக்கொண்டது, பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் பட்டுச் சேறு வழிந்தது. முன்சக்கரத்தில் முதலில் ஒரு சிவப்பு, பக்கத்தில் இன்னொன்று, பிறகு வட்டம் முழுவதும்.

அவள் குழாயைத் தாழ்த்தினாள்.

"முன்னயும் இது செவப்பாத்தானே இருந்துச்சு? நாந்தானே வெள்ளி அடிச்சேன்?"

இத்தனை மாதமாக அவன் இதற்கென்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தான். சும்மா அழகுக்கு அடித்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நகத்தால் ஒரு நட்டைச் சுரண்டினாள். சிவப்புக்குக் கீழே வெள்ளி. வெள்ளிக்குக் கீழே மறுபடி சிவப்பு. உள்வட்டத்தில் ஒன்றைச் சுரண்டினாள், வெள்ளிக்குக் கீழே வெறும் இரும்பு.

"அவரு செவப்பத் தேடியிருப்பாரு," என்றாள். "இல்லண்ணே?"

"நீ வெள்ளி அடிச்சத நானும் பாத்தேன்மா. திங்கக்கெழம திரும்பச் செவப்பு அடிச்சிரலாம்னு இருந்தேன்."

அது அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள், அதற்கடுத்ததுக்கும் போனாள். ஆறையும் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் கழுவினாள். தண்ணீரை மூட வேண்டுமென்று குணாளனுக்குத் தோன்றியது. எழுந்திருக்க முடியவில்லை.