கோலப்பனின் முக்கால் மணி கிதார்

முப்பத்தாறு வயதில் கோலப்பனுக்கு ஒரு கிதார் கிடைத்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக்கடை ஒன்றில் அவர் விற்பனையாளர். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் தங்கையன், 1950 சித்திரையில் மலேயாவுக்குக் கப்பலேறப் போகும்போது, "அங்க கொண்டுபோனா உடைஞ்சிரும். நீரு வச்சுக்கிடும் வே" என்று அதை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மடியில் படுக்கவைத்து, கம்பிகள்மேல் ஒரு சின்ன உருக்குத் துண்டைச் சறுக்கி வாசிக்கிற ஹவாயன் கிதார். ரேடியோவில் அந்தச் சத்தம் கேட்டால் தராசில் மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போதே கோலப்பன் கண்ணை மூடிவிடுவார்.

கூடவே தங்கையன் எழுதிய ஒரு காகிதமும் இருந்தது. தினமும் முக்கால் மணி நேரம். முதலில் வெறும் கம்பியை மீட்டுவது, பிறகு ஏறுவரிசை, இறங்குவரிசை, கடைசியில் தாவல். அவசரப்படக் கூடாது.

கோலப்பன் அப்படியே செய்தார். காலை ஆறு மணிக்குச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து உட்காருவார், ஆறே முக்காலுக்கு எழுந்திருப்பார். மூன்று மாதமாகியும் ஒரு இடம் மட்டும் பிடிபடவில்லை. கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குத் தாவும்போது கை ஒரு விரற்கடை தாண்டிப்போய் நிற்கும். வாலை மிதித்த பூனை மாதிரி ஒரு கத்தல் வரும். முக்கால் மணியை ஒன்றரை மணி ஆக்கிப் பார்த்தார். பூனை ஒன்றரை மணி நேரம் கத்தியது. ஆடி மாதம் கிதாரைப் போர்வையில் சுற்றிப் பரணில் போட்டார்.

மறுநாள் காலையில் அது கூடத்தில் பாய்மேல் கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவி பொன்னம்மை.

"அரைமணி நேரம் உங்க காயிதத்துல உள்ளத வாசியுங்கோ. பொறவு கால்மணி எனக்கு."

"உனக்கு என்ன வாசிக்கணும்?"

"பாட்டு வேண்டாம். தெருவுல கேக்குத எதையாவது வாசியுங்கோ. என்னதுன்னு நான் சொல்லுவேன்."

முதல் நாள் அவர் வாசித்ததைக் கேட்டு, "கிணத்துல தண்ணி எறைக்குத ராட்டு!" என்றாள். அவர் வாசித்ததோ முதலாளி கொட்டாவி விடுவதை. பொன்னம்மை சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கோலப்பனுக்குக் கடையில் காது இருப்புக்கொள்ளவில்லை. வண்டி மாடு செருமுவது, தலைச்சுமைக்காரர் "வழி, வழி" என்பது எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அரைமணிப் பாடத்தையும் விடவில்லை. அது முடிந்தால்தானே விளையாட்டு!

ஆவணியில் ஒருநாள் விழிஞ்ஞத்து மீன்காரி கூவுவதை எடுத்தார். "மீனே..." என்று அடியில் தொடங்கி, "...ஏய்!" என்று உச்சத்தில் போய் நிற்கிற குரல். நாலைந்து தடவை சறுக்கியதும் அப்படியே வந்தது. சைவக் குடும்பத்துக் கூடம் முழுக்க மீன்காரி.

வெளிக்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுத் தாசம்மாள் சட்டியோடு நின்றாள்.

"அக்கா, மீன்காரி உங்க வீட்டுக்குள்ளயா போனா?"

பொன்னம்மை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கிதாரைச் சுட்டிக்காட்டினாள். தாசம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, இன்னொருக்க வாசியுங்கண்ணே" என்றாள்.

இன்னொருமுறை வாசிக்கும்போதுதான் கோலப்பனுக்கு உறைத்தது. மூன்று மாதமாக வராத தாவல் இதுதானே! உடனே காகிதத்தைப் பார்த்து அந்தத் தாவலை வாசித்தார். கை உச்சியில் போய் அசையாமல் நின்றது. "பிள்ளே, மனசிலாச்சு! மனசிலாச்சு!" என்று கத்திக்கொண்டே மடியில் கிதாரோடு எழுந்திருக்கப் பார்த்தார். தாசம்மாள் பாய்ந்து கிதாரைப் பிடித்திராவிட்டால் அன்றோடு அதன் கதை முடிந்திருக்கும்.

அடுத்து வந்த பங்குனியில் கடைக்கு வெள்ளையடித்தார்கள். கோலப்பன் நண்பகலிலேயே வீடு திரும்பினார். சந்து முனையிலேயே கிதார் கேட்டது. குட்டையாக மூன்று ஸ்வரம் தயங்கித் தயங்கி மேலே ஏறி, பட்டென்று வெடித்தது. வாசலில் நின்று யோசித்தார். மறுபடியும் அதே மூன்று, அதே வெடி.

மிளகாய்க் கடையிலிருந்து வந்ததும் அவர் போடுகிற தும்மல்!

உள்ளே பொன்னம்மை மடியில் கிதாரோடு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் உருக்குத் துண்டு கையிலிருந்து நழுவியது.

"எத்தன நாளா இது?"

"ஏழு மாசமா. நீங்க கடைக்குப் போன பொறவு."

"காயிதத்தப் பாத்தா படிச்சே?"

"காயிதமும் உண்டு. ஆனா எனக்கு மொதல்ல விளையாட்டு. அதுல எங்க கை தடுக்குதோ, அந்த இடத்த மட்டும் பொறவு இருவது தடவை வாசிப்பேன்."

கோலப்பனுக்கு அரை நிமிடம் பொறாமையாக இருந்தது. அவர் கைக்கு அவ்வளவு சுத்தம் இன்னும் வரவில்லை. பிறகு அவர் நிஜமாகவே தும்மினார். இரண்டு பேரும் பாயில் உருண்டு சிரித்தார்கள்.

அவளுக்கென்று கோலப்பன் எழுதிப்போட்ட இன்னொரு கிதார் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. காலையில் அவர் பாடமும் அவள் பாடமும் முடிந்ததும், ஒருவர் ஒரு வரி வாசிப்பார், மற்றவர் அதற்குப் பதில் வாசிப்பார். இப்படியே ஒரு மெட்டு உருவானது. 1954இல் தெரு வாசகசாலை ஆண்டுவிழாவில் இரண்டு பேரும் மேடையேறி அதை வாசித்தார்கள்.

"இது என்ன ராகம்?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"இன்னும் பேரு வைக்கல்ல" என்றாள் பொன்னம்மை.

இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கைதட்டியது. வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், நடுப்பகுதி இருவருக்குமே மறந்துவிட்டது தெரிந்தது. கோலப்பன் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டு எங்கேயோ ஒரு ஸ்வரத்தில் போய் இறங்கினாள். அவரும் பின்னாலேயே போனார்.