நன்மை வாங்கும் வரிசை

மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திரைச்சீலையைத் துவைக்கப் போடலாம் என்று முக்காலியில் ஏறினேன். கழற்றியாகிவிட்டது. இறங்கும்போதுதான் துணி காலில் சுற்றிக்கொண்டது. வலது பாதத்தில் எலும்பு முறிவு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் முழங்கால் வரைக்கும் கனமான பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டு, ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். அவரும் தமிழர்தான்.

"கோயிலுக்குப் போலாமா டாக்டர்?"

"போங்க. ஆனா வீல்சேர்ல போங்க. முட்டி போடாதீங்க."

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் இந்து. வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வீட்டுக்கு வருவார். ஏர்கான் பழுதுபார்ப்பது அவர் தொழில். சொந்தமாக ஒரு சின்ன வேன் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே 'கோயில்' என்றுதான் சொல்வோம். எந்தக் கோயில் என்பது கிழமையைப் பொறுத்தது. ஒரே மகள், வேலைக்காக மெல்பர்னில் இருக்கிறாள்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு அவர்தான் என்னைக் கொண்டுபோய் விடுகிறார். முதலில் எல்லாம் பண்டிகைக்கு, மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு என்று எப்போதாவது உள்ளே வந்து பின்வரிசையில் உட்காருவார். பிறகு அதுவும் நின்றுபோனது. என்னை வாசலில் இறக்கிவிட்டுத் தேக்காவுக்குப் போய்விடுவார். அங்கே சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் உட்கார்ந்து, பாலும் சீனியும் போடாத டீயான தே ஓ கோசோங் ஒன்று வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பார். அப்படியே மார்க்கெட்டில் கீரை, மீன் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு பூசை முடியும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். யாராவது கேட்டால், "அவருக்கு வேலை இருக்கு," என்பேன். உண்மையில் எனக்கே காரணம் தெரியாது. நானும் கேட்டதில்லை. விருப்பமில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் தீவில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. இருந்தாலும் ஜூன் மாதத்தில் வெயில் ஒரு மாதிரியாகத் தலையில் இறங்கும். பள்ளி விடுமுறை வேறு. பாடற்குழுவில் பாதிப் பேர் வேளாங்கண்ணிக்கும் மதுரைக்கும் போய்விடுவார்கள். பீடத்தில் உதவும் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள். மறைக்கல்வி வகுப்புகளைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் ஜூன் மாதம் இயேசுவின் திரு இருதய மாதம். அந்த மாதம் முழுவதும் சாயங்காலத்தில் வீட்டுப் படத்தின் முன்னால் விளக்கேற்றி மன்றாட்டுமாலை சொல்வது என் அம்மா காலத்துப் பழக்கம். அந்த வருஷம் முட்டி போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே சொன்னேன். "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்ற பதிலைச் சில நாள் அடுப்படியிலிருந்து அவரும் சொல்வார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வார். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு வாயில் ஏறிவிட்டது.

ஜூன் முதல் ஞாயிறு. சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் இல்லை. வழக்கமாக என்னோடு உட்காரும் இரண்டு பேருமே ஊருக்குப் போயிருந்தார்கள். அவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வரைக்கும் தள்ளிட்டு வந்து விட்டுட்டு நான் போயிடவா?"

"நடுவுல எனக்கு ஏதாச்சும்னா?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "சரி. இருக்கேன்." பிறகு கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "விபூதிய அழிச்சிடணுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இருக்கட்டும்."

பக்கவாட்டு நடைபாதையின் ஓரத்தில், என் நாற்காலிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். எல்லாரும் எழுந்தால் ஒரு நொடி கழித்து எழுந்தார். எல்லாரும் உட்கார்ந்தால் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிரசங்கம் நடக்கும்போது அண்ணாந்து ஏர்கானையே பார்த்துக்கொண்டிருந்தார். "சர்வீஸ் பண்ணி ரொம்ப நாளாச்சு போல," என்று என் காதில் சொன்னார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் யாரையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. நான்கு பக்கமும் திரும்பி அழகாகக் கைகூப்பி வணங்கினார்.

அடுத்தது நற்கருணை; ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்கள் மட்டும் வாங்கும் அப்பம். நாங்கள் பேச்சில் 'நன்மை வாங்குவது' என்போம். வார்டன் என்று கூப்பிடப்படும், கோயிலில் ஒழுங்கு பார்க்கிற பெண் ஒருத்தி வந்து, "அக்கா, நீங்க இருங்க, ஃபாதர் இங்கயே வருவாரு," என்றாள். ஃபாதர் வந்து கொடுத்தார். அதன் பிறகு மற்றவர்கள் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அப்போது என் கணவர் செய்ததைப் பார்த்தேன். இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கு நடுவே வைத்து, தலையைக் குனிந்துகொண்டார். ஆறடி மனிதர் அவர். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுபோல அப்படி ஒடுங்கி நான் பார்த்ததே இல்லை.

வேனில் வரும்போது கேட்டேன். "ஒண்ணுமில்ல. வழி விட்டேன்," என்றார்.

இரண்டாம் ஞாயிறும் அதேதான் நடந்தது. அன்று நேராக வீட்டுக்குப் போகாமல், தேக்காவில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார். மதிய நேரம், நல்ல கூட்டம். என் காலை நீட்டி வைக்க இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்குப் பால் டீ, அவருக்கு அவருடைய கோசோங். இரண்டு வாய் குடித்த பிறகு திரும்பவும் கேட்டேன்.

"நன்மை வாங்கற நேரத்துல ஏன் அப்படி உட்கார்றீங்க? யாரு உங்கள என்ன சொன்னா?"

"நிஜமாவே உனக்கு ஞாபகம் இல்லையா?"

"என்ன ஞாபகம்?"

"அத்தை பூசையில." என் அம்மாவை அவர் அத்தை என்றுதான் சொல்வார். அம்மா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அடக்கப் பூசை இதே கோயிலில்தான் நடந்தது. பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அது மட்டும்தான் என் நினைவில் இருக்கிறது. அன்று என்ன பாட்டு பாடினார்கள் என்று கேட்டால்கூட எனக்குத் தெரியாது.

"எல்லாரும் எந்திரிச்சு முன்னாடி போனாங்க. கடைசியா ஒரு தடவ அத்தைய பார்க்கத்தான் போறாங்கன்னு நினைச்சேன். நானும் எந்திரிச்சேன். நீ என் சட்டையப் பிடிச்சு இழுத்த. 'உட்காருங்க, இது உங்களுக்கு இல்ல'ன்னு சொன்ன."

"நானா?"

"நீதான். சட்டை வெளியே வந்திடுச்சு. உள்ள விட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். முன்னாடி இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க."

எனக்கு ஒன்றுமே நினைவில்லை. இல்லை என்று மறுக்கவும் முடியவில்லை. அவர் இட்டுக்கட்டிச் சொல்கிறவர் அல்ல.

என் வீட்டார் எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் இருந்த நாட்களில், முதலில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டது அம்மாதான். அம்மாவின் அறையில் ஏர்கான் மாட்டியது இவர். மாதம் ஒருமுறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்வார். செய்து முடித்ததும் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதற்காக எழுந்தவரைத்தான் நான் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

"ஏங்க இத்தனை வருஷமா சொல்லல?"

"அம்மா செத்துக் கிடக்கறப்போ ஒருத்தி சொன்னத யாராச்சும் மனசுல வச்சுக்குவாங்களா? கோவமெல்லாம் இல்ல. நமக்கு இல்லாத இடத்துல எதுக்கு உட்காரணும்னு தோணிச்சு. அவ்ளோதான் லா." என் கோப்பையைப் பார்த்துவிட்டு, "குடி, ஆறுது," என்றார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. பகலெல்லாம் வீட்டில் தனியாகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன வேலை? ஜூன் மாதம் என்பதால் அவருக்கு ஓய்வே இல்லை. தீவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வியர்வையில் நனைந்து வருகிறவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச வாயெடுப்பேன். "சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

சனிக்கிழமை சாயங்காலம், பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், கோயிலுக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். ஏன் என்று கேட்காமல் வேனை எடுத்தார். எங்கள் ஃபாதர் நாற்பது வயதுக்காரர்; ஊரிலிருந்து வந்து சில வருஷம் ஆகிறது. பாவத்தைச் சொல்லும் அறைக்குள் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாம்மா?"

"இல்ல ஃபாதர்."

"அப்ப வெளிய போய் முதல்ல அதக் கேளுங்க. வெளியதானே இருக்காரு?"

இருந்தார். காலியான கோயிலில், கடைசி இருக்கையில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிச் சக்கரத்தை நானே தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"எதுக்கு?"

"உங்க சட்டையப் பிடிச்சு இழுத்ததுக்கு. அம்மாவப் பார்க்க விடாம பண்ணதுக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பீடத்தைப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ நேரம் உள்ள இருந்த?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் ஏர்கான் தூசி வாசனை அடித்தது. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூசையில் நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும் வார்டன் பெண் வழக்கம்போல எங்கள் பக்கம் வந்தாள்.

"அக்கா, நீங்க இருங்க—"

"வேணாம்மா. இன்னிக்கு நாங்க வரிசையிலயே வர்றோம்."

அவள் அவருடைய நெற்றியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒதுங்கி வழி விட்டாள். அவர்தான் எழுந்திருக்கவில்லை. "என்ன பண்ற நீ?" என்று என் காதருகே குனிந்து கேட்டார்.

"தள்ளுங்க. நன்மை வாங்காதவங்களும் ஆசீர்வாதம் வாங்க வரலாம். கைய நெஞ்சுல குறுக்கா கட்டிக்கிட்டா போதும்."

"கையக் கட்டிக்கிட்டா வண்டிய யாரு பிடிப்பா?"

"பிரேக் இருக்கு."

வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. நாங்கள் முன்னால் வந்ததும் ஃபாதர் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லி அப்பத்தை என் கையில் வைத்தார். "ஆமென்" என்று வாங்கிக்கொண்டேன். ஃபாதர் நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். அவர் காலால் பிரேக்கை அழுத்திவிட்டு, சொல்லிக் கொடுத்தபடி கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். ஃபாதர் அவர் தலைமேல் கையை வைத்து ஆசீர்வதித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தது போல எனக்குத் தோன்றியது. அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

"நன்றி ஃபாதர்," என்றார் அவர். எல்லாருக்கும் கேட்டது.

திரும்பலாம் என்றால் நாற்காலி அசையவில்லை. பிரேக்கை எடுக்க மறந்துவிட்டார். அவர் தள்ள, நான் முன்னால் சரிய, பின்னால் நின்ற பெரியவர் குனிந்து பிரேக்கைத் தூக்கிவிட்டார். பாடற்குழுவில் மிச்சமிருந்த மூன்று பேரும் பாட்டுக்கு நடுவில் சிரித்தார்கள். இடத்துக்கு வந்ததும் அவர் காலை நீட்டி உட்கார்ந்தார்.

பூசை முடிந்து வேனில் ஏறியதும், "அத்தைய பார்த்துட்டுப் போலாமா?" என்று அவரே கேட்டார். அம்மாவின் சாம்பல் வைத்திருக்கும் மாடத்துக்குப் போனோம். கல்லில் பதித்த அம்மாவின் படம் என் நாற்காலியிலிருந்து எட்டாத உயரத்தில் இருக்கிறது. அவர் விரலால் கண்ணாடித் தூசியைத் துடைத்துவிட்டு, அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை நடுவில் பூட்ஸைக் கழற்றிவிட்டார்கள். இப்போதும் சில ஞாயிறு என்னோடு உள்ளே வருகிறார். சில ஞாயிறு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். பிரசங்கம் நீண்டால் நன்றாகத் தூங்குகிறார். மறைக்கல்வி நடத்தும் பெண் ஒருநாள் அவரிடம் வந்து, "அங்கிள், நம்ம வகுப்புல சேர்றீங்களா?" என்று கேட்டாள். "நான் அம்மன் கோயிலுக்குப் போறவன்மா. இங்க என் வீட்டுக்காரி கூட வர்றேன்," என்றார். அவள் முகம் வாடவில்லை. போகும்போது ஏர்கானைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை ஜூரோங்கிலிருந்து அவசரமாக அழைப்பு வந்தது. அவர் போய்விட, நான் தனியாக எம்.ஆர்.டி. ரயிலில் கோயிலுக்குப் போனேன். வாசலில் வார்டன் பெண், "அண்ணே எங்க?" என்றாள். பிரேக்கைத் தூக்கிவிட்ட பெரியவர் கேட்டார். பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதரும் கேட்டார். எல்லாரிடமும், "ஜூரோங்ல ஒரு வீட்ல ஏர்கான் ஒழுகுதாம்," என்று சொன்னேன். இந்தத் தடவை வேலை என்று சொன்னது நிஜம்.

மத்தியானம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

"யாரு யாரு கேட்டாங்க?"

சொன்னேன்.

"ஃபாதருமா?"

"ஆமா."

"சரி," என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்து இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.