கொசுவம் சரியில்லாத காமெடி

உப்பளத்தை விட்டு ஆத்தூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். செருப்பின் வார் கால் புண்ணில் உரசியதால் அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். மழை வரப்போகிறது, இனி வேலை கிடையாது என்று கணக்கப்பிள்ளை காலையில் சொல்லிவிட்டார். உப்பில் நிற்பவனுக்குக் காலில் புண் வரும், மழை வந்தால் வேலை போகும். இரண்டும் தெரிந்துதான் போயிருந்தேன்.

மத்தியானம் தாண்டி ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக்கடை வந்தது. உப்பு லாரிகள் நிற்கும் இடம். ஏதாவது வேலை செய்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி பின்பக்கம் கையைக் காட்டினார்.

பின்கட்டில் ஓர் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை, நெற்றியில் பெரிய குங்குமம், ஆண்குரல். திருநங்கை என்று பார்த்ததும் தெரிந்தது. என் காலைப் பார்த்தாள்.

“ஏலே, உப்பளமா? மொதல்ல உக்காந்து தின்னு. வேலை எங்கயும் ஓடிராது.”

தின்றேன். ரசம் நன்றாக இருந்தது. அதன் பிறகு பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன்.

அவள் அந்தக் கடைக்கு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மாவாட்டுவது, உரிப்பது, கழுவுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கு வேண்டியது வேறு. முன்கட்டில் இலை போட்டுப் பரிமாற வேண்டும், வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அண்ணாச்சி விடவில்லை. அன்றைக்கும் என் எதிரிலேயே கேட்டாள்.

“நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?” என்றார் அண்ணாச்சி. “வாரவன் சிரிப்பான். சிரிச்சிட்டு அவன் போயிருவான். நீ அழுதுட்டு நிப்ப.”

“நான் எங்க அண்ணாச்சி அழுதேன்? வெங்காயம் உரிக்கையில மட்டும்தான்.”

அண்ணாச்சி பயந்ததற்குக் காரணம் முன்கட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. அந்த டிவியில் காலை முதல் காமெடிதான். அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்ச் சோறு கேட்பவன், புருஷனை விளக்குமாற்றால் அடிக்கும் பெண்டாட்டி, கறுப்பான பொண்ணைப் பார்த்து மயங்கி விழும் மாப்பிள்ளை. நான் வேலை பார்த்த ஊரில் எல்லாம் இவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் இல்லாவிட்டால் பல சாயங்காலங்களை ஓட்டியிருக்க முடியாது. இவர்களோடு சேலை கட்டிய ஆம்பளை ஒருவனும் வருவான். அவன் வந்ததும் ஒரு கேலி மேளம் கேட்கும், மற்றவர்கள் ஓடுவார்கள். அவன் எங்கிருந்து வந்தான், எங்கே போய்ச் சாப்பிடுவான் என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை. மேளம் முடிந்ததும் சாப்பிடுகிறவர்களின் கண்கள் பின்கட்டுப் பக்கம் திரும்பும்.

ஆச்சரியம், அவளுக்குக் காமெடி என்றால் உயிர். வசனத்தை முன்கூட்டியே சொல்லிச் சிரிப்பாள். பின்கட்டுச் சன்னலில் பாதித் திரை தெரியும். சேலைக்காரன் வந்தால் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

“அந்தக் கொசுவத்தைப் பாரு. வயித்துல பந்தை வச்ச மாதிரி. கேலிக்குன்னா அலங்கோலமாத்தான் கட்டணுமாம். நம்ம தசராக்காரனுவ அப்படியா? ஒரு மடிப்பு பிசகினா திரும்பக் கட்டச் சொல்லுதானுவ.”

அது தசரா நேரம். குலசை அம்மனுக்கு மாலை போட்டவர்கள் காளி, குறத்தி, போலீஸ் என்று வேஷம் கட்டித் தட்டேந்தி வருவார்கள். காசு போட்டவர்களுக்கு அம்மனாகவே நின்று திருநீறு பூசுவார்கள். தட்டில் விழுவது முழுக்கக் கோயில் உண்டியலுக்கு. விரதக்காரர்கள் வருவார்கள் என்று அண்ணாச்சி கடையில் கறியை நிறுத்தியிருந்தார். சாயங்காலம் ஒரு கூட்டம் வந்து காபி குடித்தது. குறத்தி வேஷம் கட்டிய கொத்தனார் ஒருவர் பின்கட்டுக்கு வந்து, “யக்கா, முந்தானை நிக்க மாட்டேங்கு” என்று அவள்முன் நின்றார். மடித்து, ஊக்குக் குத்தி அனுப்பினாள்.

அவர்கள் போன கையோடு ஆத்தூர்ப் பலசரக்குக்கடைக்காரர் வீட்டு அம்மா சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அப்போது அக்கா காலித் தட்டை எடுப்பதற்காக முன்கட்டு வாசல்வரை வந்திருந்தாள். மஞ்சள் சேலை, குங்குமம், கையில் தட்டு. அந்த அம்மா தயங்கவே இல்லை. தட்டில் காசைப் போட்டுப் பிள்ளையை முன்னால் தள்ளினார்.

“காய்ச்சல் வந்து வந்து போவுது. திருநீறு பூசி விடு தாயே.”

டிவியில் அந்தக் கேலி மேளம் கேட்டது. லாரிக்காரன் ஒருவன் புரை ஏறச் சிரித்தான். அந்த அம்மா அவன்மேல் பாய்ந்தார்.

“என்னல இளிப்பு, சாமி முன்னால?”

அக்கா பேசாமல் பூசியிருக்கலாம். அம்மனாக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பின்கட்டுக்குத் திரும்பியிருக்கலாம். தட்டைப் பார்த்தாள்.

“நான் வேஷம் கட்டலம்மா. நான் இப்படித்தான். இங்கன வேலை பாக்கேன்.”

அண்ணாச்சி கல்லாவிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப இது அம்மன் காசு. உனக்கு ஆகாது” என்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். “வேலை பாக்கேன்னா பாரு. பிள்ளை பசியில நிக்கா. ரெண்டு தோசை. இவளுக்குக் காரம் ஆகாது.”

அக்கா ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், தோசையைப் பிட்டுச் சீனி தொட்டுப் பிள்ளைக்குக் காட்டினாள். டிவியை யாரும் நிறுத்தவில்லை. சேலைக்காரன் அங்கே விழுந்து எழுந்துகொண்டிருந்தான். பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தது.

“சிரி, சிரி” என்றாள் அக்கா. “ஆனா கொசுவம் சரியில்ல, பாத்துக்கோ.”

லாரிக்காரன் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இலையைத் தட்டினான். அவள் திரும்பவில்லை. இன்னொரு தரம் தட்டினான். கடைசியில், “யக்கா, சாம்பார்” என்றான். போய் ஊற்றினாள்.

கடை ஒழிந்ததும் அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்கு நீ முன்னால நின்னா பின்னால யாரு மாவாட்டுவா?” என்று கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள். “இவனுக்குக் காலுலதான் புண்ணு. கை நல்லாத்தான் இருக்கு.”

மறுநாள் காலை கிரைண்டரில் அரிசியைக் கொட்டி, வெங்காய மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்தேன். முன்கட்டில் மேளம் கேட்டது, சிரிப்பும் கேட்டது. அதற்கு மேலே அவள் குரல்:

“ஏலே, சட்னி எங்கல? ஆளு காத்துக் கெடக்கு!”