தோற்றவர் வென்ற உலகம்

டென்மார்க்கில், கோல்டிங்கிலிருந்து வைலேக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் என் கணவர் அமெரிக்கத் தேர்தலைத் திரும்ப நடத்துவார். அவருடைய தேர்தலில் தோற்றவர்தான் வெல்வார். எங்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட், ஒரே கார். சீட் பெல்ட்டைப் போட்ட பிறகு நான் எங்கே ஓடுவது?

"அந்த மனுசி வெண்டிருந்தால் கிரீன்லாந்தைப் பற்றி ஒருத்தரும் கதைச்சிருக்க மாட்டினம்" என்பார். "எங்கடை பிள்ளையும் சமர் லீவுக்கு வீட்டை வந்திருப்பாள்."

எங்கள் ஒரே மகள் கிரீன்லாந்தில், நூக் நகரத்து மருத்துவமனையில் தாதி. ஓகூஸ் நகரத்தில் படித்து முடித்ததும் தனியாக ஒரு வீடு எடுத்து இருக்கப் போவதாகச் சொன்னாள். "கலியாணம் கட்டாத பிள்ளை தனிய இருக்கிறதோ? இருக்கிறதெண்டால் இந்த வீட்டிலை இரு. இல்லாட்டிக் கண்காணாத இடத்துக்குப் போ" என்று இவர் கத்தினார். அவளும் அப்பாவின் மகள்தானே. டேனிஷ் ராச்சியத்துக்குள் போகக்கூடிய மிகத் தூரமான இடமாகப் பார்த்துப் போய்விட்டாள். அதன்பிறகு இருவரும் பேசுவதில்லை. இவர் எப்படி என்று அவள் என்னிடம் கேட்பாள், அவள் எப்படி என்று இவர் என்னிடம் கேட்பார். எனக்கு அலுத்துவிட்டது.

அந்தத் தீவை எடுத்தே தீருவேன் என்று அமெரிக்க ஜனாதிபதி சொல்லத் தொடங்கியதும் இவருக்கு நித்திரை போய்விட்டது. தொலைக்காட்சியில் டேனிஷ்காரர் வரைபடத்தை வைத்துக்கொண்டு நிதானமாக விவாதித்தார்கள். அந்த நிதானம் எங்களுக்கு வராது. எங்கள் யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கதவடியில் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், நகை எல்லாம் அதற்குள். ஓட வேண்டி வந்தால் வேறொன்றையும் தேடாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இவர் எனக்கும் சொல்லாமல் மகளுக்கு அப்படியொரு பையைக் கட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறார். அவளுடைய சான்றிதழ்கள், அவள் விட்டுவிட்டுப் போன சங்கிலி, ஒரு டார்ச் லைட். ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். அது இவருக்கு வராது.

வேலைக்குப் போகும் வழியில்தான் அவளுடைய அழைப்பு வந்தது. காரின் ஸ்பீக்கரில் அழுகை கேட்டது.

"அம்மா, அப்பா என்னுடைய சாமான் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். இனி அந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்கிறாரா?" என்று டேனிஷில் கேட்டாள்.

கதவடிப் பையைப் பற்றிச் சொல்லித்தான் இவளை நாங்கள் வளர்க்கவில்லையே. அவசர அவசரமாக விளக்கினேன். இவர் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, பையைக் கதவடியிலை வைச்சிருக்கிறியோ?"

இவ்வளவு காலத்துக்குப் பிறகு மகளிடம் இவர் பேசிய முதல் வார்த்தை இது. எங்களோடு எப்போதும் டேனிஷ் பேசுகிறவள், தமிழில் சொன்னாள்.

"அப்பா, எனக்கு இஞ்சை பயமில்லை. அந்த வீட்டிலைதான் பயந்து பயந்து இருந்தனான். நான் இஞ்சையே இருக்கப் போறன்."

அழைப்பு முடிந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்ப சொல்லுங்கோ. அந்த மனுசி வெண்டிருந்தால் இவள் வந்திருப்பாளோ?"

இவர் வைலேக்குப் பிரியும் வழியைத் தவறவிட்டு, அடுத்த திருப்பம் வரை நேராகவே ஓட்டினார்.

மறுநாள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். இவர் தேர்தலைத் தொடவேயில்லை. அவள் சமர் லீவுக்கு வீட்டுக்கு வந்தது, தோற்றவர் வென்ற அந்த ஒரு உலகத்தில்தான். அதையும் நானே மூடிவிட்டேன். தேர்தலைப் பற்றிக் கதையுங்கோவன் என்று கேட்க வாய் வரவில்லை.