எச்சில் பட்ட வில்லை

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்த் திருவிழாவுக்கு, அலுமினிய வில்லையில் பேரைப் பதித்துத் தரும் மிஷின் ஒன்று வரும். காதலிப்பவர்கள் இருவர் பேரையும் சேர்த்துப் பதித்துக்கொள்வார்கள். வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமானால், அரத்தால் தேய்த்து எறிந்துவிடுவார்கள்.

ராஜபாளையத்துப் பழைய இரும்புக் கடையில் அந்த வில்லைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் ஒரு கல்யாணத் தரகர். ஒன்றின்மேல் வெற்றிலை எச்சிலைத் துப்பி, கட்டைவிரலால் தேய்த்தார். அழித்த எழுத்துகள் சிவப்பாகத் தெரிந்தன.

"எதுக்கு அண்ணாச்சி இது?" என்று கேட்டேன்.

"அழிச்சாலும் தடம் போகாதுல்ல. சம்பந்தம் பேசுறவியளுக்கு உதவும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் பேரைச் சொல்லி, அது இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் அடுத்த வில்லையில் துப்பினார். நான் குனிந்து பார்த்தேன்.