முதல் கணக்கே போதும்

"இது எளிமைப்படுத்திய கணக்குத்தானே?" என்று எவராவது உதட்டைச் சுழித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். எளிமை என்றால் அரைகுறை என்று நினைக்கிற ஆட்களோடு எனக்கு ஒத்துவராது. அப்படி நினைத்தவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதுதான் அந்தக் கோபத்தின் அடி.

எழுபதுகளின் கடைசியில், திருகோணமலை உள்துறைமுகக் கரையில் கப்பலில் வரும் தானியத்தை உலர்த்தி மூட்டை கட்டும் ஓர் ஆலையில் பொறியியலாளனாக இருந்தேன். உலர்த்தும் அறைக்குச் சூடான காற்றைத் தள்ள ஆளுயர விசிறி ஒன்று இருந்தது. கப்பல்கள் கூடக் கூட மனேஜருக்கு அவசரமும் கூடியது. மோட்டாரின் புல்லியை மாற்றி விசிறியின் வேகத்தை ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். அடுத்த மாதமே விசிறியின் இறக்கைகளில், அதாவது அலகுகளில், ஒன்றின் அடியில் மயிரிழை வெடிப்பைக் கண்டேன். அலகை மாற்றினோம், வேகத்தை மாற்றவில்லை.

காரணம் எனக்கு ஓரளவு பிடிபட்டது. விசிறிக்கு முன்னால் அதன் அச்சைத் தாங்க நான்கு இரும்புக் கால்கள் நின்றன. ஒவ்வொரு காலுக்கும் பின்னால் காற்று தொய்ந்துபோகும். ஆகவே அலகு ஒருமுறை சுற்றி வருவதற்குள் நான்கு தரம் உதை வாங்கும். உதையின் தாளமும் அலகின் சொந்த அதிர்வும் ஒன்றானால், நேரம் பார்த்துத் தள்ளும் ஊஞ்சல்போல அதிர்வு ஏறிக்கொண்டே போகும்.

அலகின் அதிர்வை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஓர்ஸ் ஹில்லில் நான் குடியிருந்த வீட்டுக்காரரின் ஆர்மோனியத்தைச் சைக்கிள் கரியரில் கட்டி, விசிறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். அலகைச் சுத்தியலால் தட்டுவதும் அந்த ஓசைக்கு ஒத்த சுரத்தைத் தேடிக் கட்டையை அழுத்துவதுமாக இருந்த என்னைப் பார்த்து, அச்சுக்கு எண்ணெய் விடும் கிண்ணியா ஊர்க்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், விழுந்து விழுந்து சிரித்தார். "சேர், இதுக்குப் பாட்டுப் படிக்கவும் சொல்லிக் குடுங்களன்" என்றார்.

பிறகு கம்பியூட்டருக்கான கணக்கை எழுதினேன். பன்னிரண்டு அலகில் ஒன்றை மட்டும் எடுத்தேன். காற்றுக்கு ஒட்டும் தன்மை இல்லை என்று வைத்துக்கொண்டேன். காலுக்குப் பின்னால் விழும் தொய்வை வெறும் அலையாக்கினேன். அப்படிச் சுருக்காவிட்டால் அந்தக் காலத்து இயந்திரம் கிழமைக்கணக்கில் உழலும். வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, கடல் ஈரத்தில் அட்டை ஊதாமலிருக்க பிஸ்கட் டின்னில் அரிசியோடு போட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்த இயந்திரத்தில் அட்டைகளைக் கொடுத்ததும் சில நிமிடத்தில் விடை வந்தது: புதிய வேகத்தில் இரண்டு தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அலகு உடையும். பழைய புல்லியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது கால் ஒன்றை ஒட்டி உதையின் தாளத்தை மாற்ற வேண்டும். ஒருநாள் வேலை.

அறிக்கையின் முதல் பக்கத்தில், எதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று நேர்மையாக எழுதியிருந்தேன். மனேஜர் அந்தப் பக்கத்தைத் தாண்டவேயில்லை.

"ஒட்டும் தன்மை இல்லாத காற்று எண்டு நீரே எழுதியிருக்கிறீர். அப்பிடியொரு காற்று எங்க வீசுது? உப்புவெளிக் கடற்கரையிலயோ?" கந்தோரில் எல்லாரும் சிரித்தார்கள். "கப்பல் வந்து நிக்குது, ஒருநாள் நிப்பாட்ட ஏலாது. சரியான கணக்கோட வாரும், பாப்பம்."

அந்த ஆளின் கதிரையைத் தூக்கி அடித்திருக்க வேண்டும். நானோ ரோசம் தலைக்கேறி, சரியான கணக்கோடு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

நானா வாசலில் நின்றார். "சேர், உடையுமா, உடையாதா? ஒண்டைச் சொல்லுங்க."

"இந்த வேகத்தில ஓடினா உடையும், நானா. எப்ப எண்டு சொல்ல ஏலாது."

"அப்ப அந்த எண்ணெய்க் குழாயை நாலடி நீட்டித் தாங்க. தள்ளி நிண்டு ஊத்துறன்."

மணிக்கொருதரம் விசிறிக் கூட்டை ஒட்டி நின்று எண்ணெய் விடுகிறவர் அவர். அந்தச் செப்புக் குழாயை நீட்ட எவருடைய கையொப்பமும் தேவையில்லை. நான் சொன்னது இது: "கொஞ்சம் பொறுங்க நானா. இன்னொருக்கா விரிவாக் கணக்குப் பாத்துட்டு வாறன். பிறகு மனேஜர் மறுக்க ஏலாது, விசிறியையே நிப்பாட்டலாம்."

"ஓம் சேர்" என்றார். என்னை நம்பினார்.

இரண்டு கிழமை இருந்து புதுக் கணக்கை எழுதினேன். பக்கத்து அலகுகளைச் சேர்த்தேன், காற்றின் ஒட்டலைச் சேர்த்தேன். கொழும்பில் முறைக்காக நான்கு நாள் காத்துக் கிடந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான். வந்த விடை பழைய விடைதான், அதிர்வெண்ணில் ஒரு துளி வித்தியாசம். அந்தக் காகிதச் சுருளோடு வெற்றிவீரன்போலத் திரும்பி வந்தேன்.

ஆலை வாசலிலேயே காவலாளி சொன்னார். முந்தைய நாள் காலை அலகு உடைந்து கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நானாவின் வலது கை முழங்கைக்கு மேலே துண்டாகிப் போய்விட்டது. அதைக் கேட்டதும் முதலில் என் மனதில் வந்தது, 'நான் சொன்னது சரி' என்பதுதான். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

விசாரணையில் மனேஜர் என் முதல் பக்கத்தையே தூக்கிக் காட்டினார். கணக்குப் போட்டவரே நம்பாத கணக்கை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். விசிறியில் ஐந்தாவது கால் ஏறியது. எண்ணெய்க் குழாயை நானே நீட்டிப் பொருத்தினேன். அரை மணித்தியாலம் பிடித்தது.

நானா ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, வாகனங்களையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவரோ இடது கையால் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார்.

"கொழும்புக்குப் போனீங்களே சேர், புதுக் கணக்கு என்ன சொல்லிச்சு?"

"முதல் கணக்குச் சொன்னதைத்தான், நானா."

கோபமில்லாமல், விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்போலத்தான் கேட்டார்:

"அப்ப முதல் கணக்கே போதுமா இருந்திச்சே, சேர்?"